பழைய சேலை ஒன்று, பாவாடை நாடா 20 கெஜம்

கேள்வி: வீட்டில் இருந்தபடியே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். கணவர் டிரைவர். மகள் ஸ்கூல் ஃபீஸ், மாமனாருக்குக் கண் ஆபரேஷன் என்று இந்த வருஷம் கையில் காசு நிற்கவே இல்லை. கிறிஸ்துமஸ் கிஃப்டுக்கு மொத்தமே 2,500 ரூபாய்தான் ஒதுக்க முடியும். மாமியார், மாமனார், இரண்டு நாத்தனார் குடும்பம், என் அம்மா, தம்பி குடும்பம், மகளின் டியூஷன் டீச்சர், தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்த பக்கத்து வீடுகள் ஐந்து, பிள்ளைகள் ஐந்து பேர் என்று பட்டியல் நீளுகிறது. போன வருஷம் பெரிய நாத்தனார் எங்களுக்கு மிக்ஸி வாங்கித் தந்தார். நான் மெழுகுவத்தி, குரோஷா, பாட்டில் பெயின்டிங் என்று வீடியோக்களாகப் பார்த்துக் குழம்பிப் போயிருக்கிறேன். கையால் செய்து கொடுத்தால் கஞ்சத்தனம் என்று நினைப்பார்களோ என்றும் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, அயனாவரம்

பதில்:

தங்கச்சி, முதலில் அந்த வீடியோக்களை நிறுத்துங்கள். பெரம்பூரில் 26 வருஷமாகத் தையலும் கைவினையும் சொல்லிக் கொடுக்கிறேன். ஒவ்வொரு நவம்பரிலும் என் கிளாஸில் இதே கூத்துதான் நடக்கும். கையால் செய்தால் காசு மிச்சம் என்று ஆரம்பிப்பார்கள், மெழுகுக்கு அச்சு, வாசனை எண்ணெய், கலர், கண்ணாடிக் குடுவை, குரோஷாவுக்கு நூல், ஊசி என்று ஒவ்வொன்றாக வாங்கி, டிசம்பர் முதல் வாரத்தில் கணக்குப் பார்த்தால் கடையிலேயே வாங்கியிருக்கலாம் போல ஆகியிருக்கும், வேலையோ பாதிகூட முடிந்திருக்காது.

நானும் அதில் அடிபட்டவள்தான். கல்யாணமான புதிதில் புகுந்த வீட்டாரை அசத்திவிட வேண்டும் என்று ஆளுக்கொரு குரோஷா விரிப்பு, மொத்தம் 22, போடுவதாக நானே எனக்குள் சபதம் எடுத்துக்கொண்டேன். டிசம்பர் 24 சாயங்காலம் என்னிடம் இருந்தது ஒன்பது. மீதி 13 பேருக்கு அன்றைக்கு ராத்திரி புரசைவாக்கத்தில் கூட்டத்தில் இடிபட்டு ஸ்டீல் டப்பா வாங்கி வந்தேன். விரிப்பு வாங்கிய ஒன்பது பேரில் ஒருத்தர் அதை வைத்து ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்ததைப் பொங்கலுக்குப் போனபோது என் கண்ணாலேயே பார்த்தேன். அழகாக இருந்தால் போதும் என்ற நினைப்பை அன்றைக்கே விட்டுவிட்டேன். இப்போது யாருக்கு என்ன செய்தாலும் ஜனவரி மாசம் அது அவர்கள் வீட்டில் எங்கே இருக்கும் என்றுதான் யோசிக்கிறேன்.

அதனால் நான் சொல்வது இதுதான். ஆளுக்கொரு சாமான் செய்யாதீர்கள். ஒரே ஒரு சாமானைத் தேர்ந்தெடுத்து எல்லாருக்கும் அதையே செய்யுங்கள், பலகாரம் ஒரே ஒரு வகை, தனியாக மெனக்கெடுவது ஒரே ஒருவருக்கு. அவ்வளவுதான். வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் பொருளில் இருந்து ஆரம்பிக்க வேண்டும், கடையில் இருந்து ஆரம்பிக்கக் கூடாது. உங்கள் வீட்டில் மெஷின் இருக்கிறது, தைக்கத் தெரியும், பழைய பருத்திச் சேலை இல்லாமல் இருக்காது. மெழுகுவத்தி எதற்கு?

துணிப்பை தைக்கலாம் என்று உடனே தோன்றும். வேண்டாம். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையே எல்லார் வீட்டிலும் முப்பது, நாற்பது சுருட்டி வைத்திருக்கிறார்கள். சுருக்குப் பை தையுங்கள். பாட்டி இடுப்பில் செருகியிருப்பாளே, வெற்றிலையும் சில்லறையும் போட்டு, அதே பைதான், அளவு மட்டும் பெரியது. ஃப்ரிட்ஜில் காய்கறி வைக்க. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது, ஆனாலும் எந்த வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தாலும் பச்சை மிளகாய் ஒரு கவர், பீன்ஸ் ஒரு கவர் என்று வேர்த்துப்போய்த்தான் கிடக்கிறது. வீட்டுக்கு மூன்று பை கொடுத்தால் அன்றைக்கே உபயோகத்துக்கு வந்துவிடும்.

கணக்குப் பாருங்கள். சேலை நீளம் ஐந்தரை மீட்டர், சுமாராக 216 அங்குலம். அகலம் 45. ஒரு பைக்குத் துண்டு 11 அங்குல அகலம், 27 அங்குல நீளம். நீளத்தில் எட்டு, அகலத்தில் நான்கு, ஆக 32 துண்டு வரும். இற்றுப்போன கொசுவ மடிப்பு, சாயம் வெளுத்த இடம், கறை எல்லாம் தள்ளிவிட்டாலும் 24 தேறும். எட்டு வீட்டுக்கு ஆச்சு. உங்கள் பட்டியலில் பைக்கு உரியவர்கள் மாமியார், இரண்டு நாத்தனார், அம்மா, தம்பி மனைவி, டீச்சர் என்று ஆறு பேர்தான். மீதி இரண்டு செட்டை எடுத்து வையுங்கள், நாம் எதிர்பார்க்காத யாராவது கிஃப்டோடு வந்து நிற்கிறார்களே, அவர்களுக்கு.

துணியை நாளைக்கே எடுத்துத் துவையுங்கள். பீரோவில் இருந்த சேலை என்றால் அந்துருண்டை வாடை அடிக்கும், அந்த வாடையோடு கறிவேப்பிலை வைக்கிற பை கொடுக்க முடியாது. வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து அலசி இரண்டு நாள் நல்ல வெயிலில் போட வேண்டும். இது மழைக்காலம். நம் ஊரில் டிசம்பரில் நாலு நாள் சேர்ந்தாற்போல் வெயில் வருமா என்பதை யாரும் சொல்ல முடியாது, அதனால் இன்றைக்கு வெயில் அடித்தால் இன்றைக்கே போட்டுவிடுங்கள். சாயம் போகிற சேலை என்றால் இதிலேயே தெரிந்துவிடும், அதை ஒதுக்கிவிட்டு வேறு எடுங்கள்.

வெட்டுவது ஒரு நாள், தைப்பது வேறு நாள். ஒவ்வொரு பையாக முடிக்காதீர்கள். துண்டின் 27 அங்குல நீளத்தைப் பாதியாக மடித்தால் அடிப்பக்கத்துக்குத் தையலே வேண்டாம், இரண்டு பக்கம் மட்டும்தான். முதலில் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி கால் அங்குலத்துக்கும் கொஞ்சம் உள்ளேயே ஒரு தையல், திருப்பிவிட்டு அதன்மேல் கால் அங்குலத்தில் இன்னொரு தையல், அப்போதுதான் பிசிறு உள்ளே அடங்கும், காய்கறியில் நூல் ஒட்டாது. பிளவுஸுக்கு ஓவர்லாக் இல்லாத காலத்தில் நாம் எல்லாரும் இப்படித்தானே தைத்தோம். ஒரு பக்கத்தில் மட்டும் மேலே இரண்டு அங்குலம் தைக்காமல் விட்டு, அந்த ஓரங்களை உள்ளே மடித்து அடித்துவிடுங்கள், அதுதான் நாடாவுக்கு வாய். கடைசியில் மேல் ஓரத்தை ஒன்றரை அங்குலம் உள்ளே மடித்து அடித்தால் நாடா போகும் குழல் வந்துவிடும். ஒரு பை தைத்து முடிந்ததும் நூலை அறுக்காமல் அடுத்த பையை மெஷின் பாதத்துக்கு அடியில் தள்ளிக்கொண்டே போங்கள். பூ தொடுக்கிற மாதிரி 24 பையும் ஒரே சரமாக மெஷினுக்குப் பின்னால் தொங்கும், அப்புறம் உட்கார்ந்து கத்தரித்துக்கொள்ளலாம். இதில் மிச்சமாகிற நேரத்தை ஒருமுறை செய்து பார்த்தால்தான் நம்புவீர்கள்.

நாடாதான் நீங்கள் வாங்க வேண்டியது. சாதாரணப் பாவாடை நாடா, பைக்கு 30 அங்குலம் வீதம் 24 பைக்கு 20 கெஜம். ஊக்கில் மாட்டிக் கோத்துவிடலாம். பாரிமுனைக்குப் போனால் மலிவு என்பது உண்மைதான், ஆனால் அங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. நாடாவுக்காகப் போய், காசிச் செட்டித் தெருவுக்குள் சும்மா எட்டிப் பார்த்து, மினுமினுப்பு ரிப்பன், குட்டி மணி, தெர்மோகோல் பந்து, ஸ்டிக்கர் என்று 800 ரூபாயைத் தொலைத்துவிட்டு நாடாவை மறந்து வந்த ஆட்கள் என் கிளாஸிலேயே உண்டு. (ஒருத்தி நான்.) வெறும் நாடாவும் நூலும்தான் என்றால் உங்கள் ஏரியா தையல் சாமான் கடையே போதும், பஸ் காசும் அரை நாளும் மிச்சம்.

பையைக் கொடுக்கும்போது வாயால் இரண்டு வார்த்தை சொல்லுங்கள்: பச்சை மிளகாயைக் காம்பு கிள்ளிப் போடுங்க, கீரை என்றால் பையை லேசாக நனைத்துப் பிழிந்துவிட்டு வையுங்க. உபயோகம் தெரிந்துவிட்டால் யாரும் மூலையில் போட மாட்டார்கள்.

அடுத்து பக்கத்து வீடுகள். தீபாவளிக்கு அவர்கள் பலகாரம் கொடுத்த டப்பாக்கள் இன்னும் உங்கள் வீட்டில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வெறும் டப்பாவைத் திருப்பக் கூடாது என்று வைத்திருப்பீர்கள். நல்லதாகப் போயிற்று, பேக்கிங் செலவும் இல்லை. அதில் கல்கல், அதாவது மைதா மாவைச் சுருட்டி எண்ணெயில் பொரிக்கிற இனிப்பு, போட்டுக் கொடுங்கள். கேக் வேண்டாம், முந்திரி, திராட்சை, வெண்ணெய் விலைக்கு ஐந்து வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. அப்புறம் முக்கியமான இன்னொன்று, முட்டை. கிறிஸ்துமஸ் வருவதே மார்கழியில். பாதி வீட்டில் மார்கழி என்று முட்டை சாப்பிட மாட்டார்கள், இன்னொரு வீட்டில் அய்யப்பனுக்கு மாலை போட்டிருப்பார்கள். நாம் ஆசையாகக் கேக் கொண்டுபோய்க் கொடுப்போம், அவர்களும் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டு, பிறகு வேலைக்கு வரும் அம்மாவிடம் கொடுத்துவிடுவார்கள். முட்டை இல்லாத கல்கல் என்றால், "இதில் முட்டை இல்லைங்க, எண்ணெயும் புதுசு" என்று வாசலிலேயே சொல்லிக் கொடுக்கலாம்.

அரைக் கிலோ மைதாவுக்கு 100 கிராம் பொடித்த சர்க்கரை, 50 கிராம் வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. முதலில் வெண்ணெயை மாவில் போட்டுப் பிசிறி, பிடித்தால் பிடி நிற்கிற பதம் வந்ததும் கெட்டித் தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சப்பாத்தி மாவை விடச் சற்று இறுக்கமாகப் பிசையுங்கள். மொத்தப் பாலையும் ஒரேயடியாகக் கொட்டிவிட வேண்டாம், மாவுக்கு மாவு மாறும். அரை மணி நேரம் ஈரத்துணி போட்டு மூடி வைத்துவிட்டு, கோலிக்குண்டு அளவு எடுத்து முள்கரண்டியின் பின்பக்கத்தில் வைத்து கட்டைவிரலால் அழுத்தி இழுத்தால் சங்கு மாதிரி சுருண்டு வரும். முள்கரண்டி பத்தாவிட்டால் புதுச் சீப்பு இரண்டு வாங்கி நன்றாகக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள், நம் வீடுகளில் காலங்காலமாகச் சீப்புதான். இது தனியாளாகச் செய்கிற வேலை கிடையாது. பிள்ளைகளையும் வீட்டுக்காரரையும் பாயில் உட்கார வைத்துவிடுங்கள், பிள்ளைகள் சுருட்டுவது கோணல் மாணலாகத்தான் வரும், வரட்டும். மிதமான தீயில் நிதானமாகப் பொரிக்க வேண்டும், தீ கூடினால் வெளியே சிவந்து உள்ளே மாவாக இருக்கும், இரண்டே நாளில் நமுத்துப் போகும். சூடு நன்றாக ஆறிய பிறகுதான் டப்பாவை மூட வேண்டும். ஒன்றரைக் கிலோ மாவு போட்டால் ஐந்து வீட்டுக்கும் கொடுத்து, கிறிஸ்துமஸ் அன்று வருகிறவர்களுக்கும் வைக்கலாம். டிசம்பர் 20, 21 வாக்கில் செய்தால் சரியாக இருக்கும்.

வீட்டில் ஒயின் போட்டு பாட்டிலில் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது சட்டப்படி குற்றம், வீட்டுக் குடிப்புக்குத்தானே என்றெல்லாம் சொல்லித் தப்பிக்க முடியாது.

பிள்ளைகள் விஷயத்தில் நான் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், அவர்களுக்குக் காசு செலவு பண்ணுங்கள். பத்து வயசுப் பையனிடம் அத்தை கையால் தைத்தது என்று சொல்லி எதைக் கொடுத்தாலும் அவன் முகம் போகிற போக்கைப் பார்க்க முடியாது. தலைக்கு 200 வீதம் ஐந்து பேருக்கு 1,000 ரூபாயில் அவர்கள் கேட்கிற பேட்டோ, கலர் பென்சிலோ, கதைப் புத்தகமோ வாங்கிக் கொடுங்கள். அதோடு நாத்தனார் வீடுகளுக்கும் உங்கள் வீட்டுக்கும் ஆளுக்கொரு துணித் தாயக்கட்டம் தைத்துவிடுங்கள். 12 அங்குலச் சதுரத் துணி, இரண்டு மடிப்பு, அதன்மேல் கறுப்பு நூலில் குறுக்கே ஆறு கோடு, நெடுக்கே ஆறு கோடு அடித்தால் ஐந்துக்கு ஐந்து கட்டம். நான்கு பக்கமும் நடுக்கட்டத்திலும் மையக் கட்டத்திலும் பெருக்கல் குறி. ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்த புளியங்கொட்டை நான்கு, காய்க்கு உங்களிடம் மிச்சமாகக் கிடக்கும் பிளவுஸ் பட்டன் நான்கு கலரில். சுருட்டி ஒரு குட்டிச் சுருக்குப் பையில் போட்டுவிடலாம். உங்கள் மாமியாருக்குத் தாயம் ஆடத் தெரியாமல் இருக்காது, கிறிஸ்துமஸ் மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் பிள்ளைகளைவிட அவர்தான் சத்தம் போடுவார். மூன்று வயசுக்குக் குறைந்த பிள்ளை இருக்கிற வீடு என்றால் கொட்டையும் பட்டனும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும், வாயில் போட்டுக்கொள்ளும்.

இப்போது மிக்ஸி. உங்கள் கடிதத்தில் உண்மையான கேள்வியே இதுதான் என்று எனக்குப் படுகிறது. மிக்ஸிக்குச் சமமாக எதையும் தைக்க முடியாது, முயலவும் வேண்டாம். அவரால் முடிந்தது, செய்தார். டிசம்பர் பிறப்பதற்குள் நீங்களே ஃபோன் பண்ணி, "அக்கா, இந்த வருஷம் அப்பா ஆபரேஷன் செலவு உங்களுக்கே தெரியும், பெரியவங்களுக்குள்ள கிறிஸ்மா கிறிஸ் சைல்ட் மாதிரி சீட்டு எடுத்துக்கலாமா, ஆளுக்கு ஒருத்தருக்கு மட்டும் கொடுத்தா போதும்" என்று கேட்டுவிடுங்கள். ஆபீஸிலும் காலேஜிலும் எல்லாரும் செய்கிறதுதான், வீட்டுக்குள் கொண்டு வந்தால் என்ன? நீங்கள் சொல்லாமல் விட்டால் அவர் மறுபடியும் பெரிதாக வாங்கி வருவார், நீங்கள் மறுபடியும் கூனிக் குறுகுவீர்கள். அவர் வேண்டாம் என்று சொன்னாலும் பரவாயில்லை, பணமுடை என்பது அவர் காதுக்குப் போய்விட்டது, பையைப் பார்த்துக் கஞ்சத்தனம் என்று நினைக்க இடமில்லை. சுருங்கிய சேலையில் பிசிறு தொங்கத் தைத்து, கசங்கிய கவரில் போட்டுக் கொடுத்தால்தான் கஞ்சத்தனமாகத் தெரியும். மூன்று பையையும் இஸ்திரி போட்டு, அடுக்கி, சேலையின் பார்டரில் ஒரு அங்குலம் கிழித்து அதாலேயே கட்டிவிடுங்கள். ரேப்பிங் பேப்பர் வாங்கவே வாங்காதீர்கள். எடுத்துச் செல்ல ஏதாவது வேண்டும் என்றால் மஞ்சப்பை இருக்கிறது. மேலே ஒரு நட்சத்திரம் வைக்க ஆசை என்றால், குருத்தோலை ஞாயிறுக்குச் சர்ச்சில் உட்கார்ந்து ஓலைச் சிலுவை பின்னுகிறோமே, அந்தக் கைக்கு ஓலை நட்சத்திரம் பத்து நிமிஷத்தில் வந்துவிடும். 23ஆம் தேதி செய்தால் பச்சை மாறாமல் இருக்கும்.

கடைசியாக மாமனார். தனியாக மெனக்கெடச் சொன்ன அந்த ஒரே ஆள் அவர்தான். கண் ஆபரேஷன் முடிந்து இப்போது மறுபடி படிக்க ஆரம்பித்திருப்பார், வீட்டில் பெரிய எழுத்துப் பைபிள் ஒன்று அட்டை பிய்ந்து கிடக்கும். அதற்கு உறை தைத்துக் கொடுங்கள். வெளிப்பக்கம் வீட்டுக்காரரின் பழைய ஜீன்ஸ் கால், உள்ளே பிளவுஸ் லைனிங். இதில் என் மாணவிகள் எல்லாரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு, புத்தகத்தை விரித்து வைத்து அளப்பார்கள். விரித்திருக்கும்போது முதுகு தட்டையாகிவிடும், அந்த அளவில் தைத்தால் உறை போட்டபின் புத்தகம் மூடாமல் வாய் பிளந்து நிற்கும். மூடி வைத்துத்தான் அளக்க வேண்டும். முன் அட்டையின் ஓரத்தில் டேப்பை வைத்து, முதுகைச் சுற்றி, பின் அட்டையின் ஓரம் வரை. ஆறு அங்குல அகலம், ஒன்றரை அங்குலத் தடிமன் என்றால் பதின்மூன்றரை வரும். அட்டை செருகும் மடிப்புக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்று, தையலுக்கு மொத்தம் ஒன்று, ஆக இருபதரை. உயரம் ஒன்பது என்றால் தையலுக்கு ஒன்று, இளக்கத்துக்கு அரை, பத்தரை. ஜிப் வேண்டாம், வயசானவர் விரலுக்கு ஜிப் முனை பிடிபடாது. முன்பக்கம் ஒரு பட்டையும் பெரிய பட்டனும் போதும். உள்மடிப்பில் கண்ணாடி வைக்க ஒரு பை.

பணத்தை இப்படிப் பிரியுங்கள்: நாடா, நூல் 200, கல்கல் 700, லைனிங், பட்டன் 100, பிள்ளைகளுக்கு 1,000. மீதி 500ஐத் தொடாதீர்கள், 24ஆம் தேதி ராத்திரி வரைக்கும் ஏதாவது ஒன்று வரும்.

மாமனார் சாயங்காலம் வெளியே போகிற நேரம் பார்த்து டேப்போடு போய் அந்தப் பைபிளை அளந்துவிடுங்கள். ஜீன்ஸ் துணி இரண்டு மடிப்புக்கு உங்கள் மெஷினில் 16ஆம் நம்பர் ஊசி போட வேண்டும், பிளவுஸ் தைக்கிற ஊசியில் அடித்தால் உடைந்துபோகும். அளவை எனக்கு எழுதினால் பட்டை எந்த இடத்தில் வர வேண்டும் என்று சொல்கிறேன்.